வேம்பும் வசம்பும் தானியக் காப்பும்



சித்திரை பிறந்ததும் தில்லிவாழ் தமிழராகிய நம் இல்லங்களில் ஒரு வேலை தொடங்கிவிடுகிறது. புதுக் கோதுமை வந்திறங்கும். அரிசியையே நம்பி வளர்ந்த நாம் இவ்வூர் வழக்கப்படி ஆண்டுத் தேவைக்குக் கோதுமை வாங்கித் தகர டிரம்மில் நிரப்புகிறோம். பக்கத்திலேயே ஊரிலிருந்து வந்த புழுங்கலரிசியும் துவரம்பருப்பும் இருக்கும். ஆடியில் மழை பெய்து புழுக்கம் மிகும்போது மூடியைத் திறந்தால் மேலெல்லாம் வண்டு ஊர்கிறது. அவ்வேளையில் அண்டை அயலார் பரிவுடன் ஒரு வழி கூறுவர்: "டிரம்முக்கு இரண்டு கோலி போட்டு மூடிவிடுங்கள்." அந்தக் கோலியைப் பற்றியே முதற்கண் பேச விழைகிறோம்.

அலுமினியம் பாஸ்பைடு என்பது அதன் பெயர். 3 கிராம் எடையுள்ள ஒரு மாத்திரை, காற்றிலுள்ள ஈரம் பட்டதும் சிறிது சிறிதாக 1 கிராம் பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை விடுகிறது. பெரிய கிடங்குகளில் மூட்டைகளை மூடாக்கால் மூடி, பயிற்சி பெற்றோர் இதனைக் கையாளுகின்றனர். அங்கு அது செய்யும் தொண்டை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் இரண்டறை கொண்ட காலனி வீடு கிடங்கன்று. டிரம்மின் மூடியிடுக்கில் கசியும் வாயு, அருகே உறங்கும் குழந்தையின் மூச்சில் கலக்கும். இந்நச்சை முறிக்கும் மாற்று மருந்து இன்றளவும் கிடையாது. அரசு அமைப்புகளும் அரசின் ஒப்புதல் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளரும் மட்டுமே இதனைப் பயன்படுத்தலாம் என்று விதியே இருக்கிறது. பாதரசம் சேர்த்த மாத்திரைகளைத் தானியத்தில் இட்டு வைப்பாரும் இங்கு உளர். பாதரசமும் நஞ்சே அன்றோ?

அங்ஙனமாயின் வண்டுக்கு என் செய்வது? முதலில் அதன் இயல்பை அறிதல் வேண்டும். அரிசிக் கூன்வண்டு தன் நீண்ட மூக்கால் மணியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையைப் பிசின் போன்ற பொருளால் அடைத்துவிடுகிறது. புழு மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, வெப்பமான பருவத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாக வெளிவருகிறது. ஆகவே கடையில் வாங்கும்போது தூய்மையாகத் தோன்றும் தானியத்திலும் பகைவன் குடியிருக்கலாம். பயறு வண்டோ முட்டையைப் பயற்றின் மேற்புறத்திலேயே ஒட்டி வைக்கிறது. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க. மருந்தும் இதற்கேற்ப வேறுபடும்.

பயறு, பருப்பு வகைகளுக்கு நம் பாட்டிமார் எண்ணெய் தடவி வைத்தது வீண் வழக்கமன்று. கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெயைச் சீராகப் புரட்டி வைத்தால், மேலே ஒட்டிய முட்டைகள் காற்றின்றி மடிகின்றன. முட்டை உள்ளே மறைந்திருக்கும் கோதுமைக்கு இது அவ்வளவாகப் பலிக்காது.

இனி வேம்பு. நம் தில்லியிலேயே, பூசா என்று நாமெல்லாம் அழைக்கும் வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில், 1962இல் வேப்பம்பருப்பை அரைத்து நீரிற் கலந்து பயிர்களில் தெளித்தபோது, வெட்டுக்கிளிகள் வந்தமர்ந்தும் உண்ணாமல் போயின. 1965இல் அங்கிருந்து வெளிவந்த ஆய்வொன்று, விதைக் கோதுமை 100 பங்குக்கு வேப்பம்பருப்புத் தூள் 1 அல்லது 2 பங்கு கலந்தால் பல மாதங்கள் வண்டு அணுகாது என்று காட்டிற்று. வேம்பின் ஆற்றல் விதையிலேதான் மிகுதி என்பதைக் கவனிக்க, இலையில் குறைவு. நாமோ பச்சை இலையைக் கொத்தாகப் பறித்து அரிசியில் செருகிவிட்டு மனநிறைவு கொள்கிறோம்! அவ்விலையின் ஈரமே பூஞ்சணத்துக்கு வழி செய்யும். இலை இடுவதாயின் நிழலிற் சருகாக உலர்த்தியே இடுக. வேப்பம்பருப்புத் தூள் கசப்புடையதாகையால் விதைக்கு ஏற்றதேயன்றி, உண்ணும் கோதுமைக்கு நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

வசம்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதிலுள்ள அசரோன் என்னும் பொருள் பூச்சிகளை மலடாக்குவதை 1977இல் ஜம்மு விஞ்ஞானிகள் கண்டு வெளியிட்டனர். ஆயினும் அதே பொருள் ஆய்வுக்கூட எலிகளுக்குப் புற்றுநோய் விளைவித்ததால், 1968லேயே அமெரிக்காவில் வசம்பை உணவிற் சேர்ப்பது தடை செய்யப்பட்டது. எனவே 'பிள்ளை மருந்துதானே' என்று எண்ணி வசம்புத் தூளை அரிசியில் கலந்துவிடலாகாது. இயற்கையில் விளைந்ததெல்லாம் தீங்கற்றது என்று பலர் கருதுவது நமக்கு உடன்பாடன்று.

இவையனைத்தினும் மேலானது தில்லியின் வைகாசி வெயில். காசு செலவில்லை, நஞ்சுமில்லை. கோதுமையை மொட்டை மாடியில் மெல்லப் பரப்பி, பல்லிற் கடித்தால் 'டக்'கென்று உடையும் வரை காய வைத்து, நன்றாக ஆறிய பிறகே டிரம்மில் இட்டு இறுக மூடுக. சூடாக மூடினால் உள்ளே வியர்க்கும். அரிசிக்கு இம்முறை ஆகாது. கடும் வெயிலில் விரிசல் கண்டு குறுணையாகிவிடும். அதனை நிழலில் ஆற்றி, ஓரிரு மாதங்களுக்கு வேண்டிய அளவே வாங்கி வைத்தல் நன்று. பழைய தானியத்தின் மேல் புதியதைக் கொட்டாமல், டிரம்மை வெறுமையாக்கித் துடைத்து வெயில் காட்டிய பின்பே நிரப்புக. பழைய மணிகள் நாலைந்து மூலையில் தங்கினாலும் வண்டுக்கு அதுவே வித்து.

யார் வீட்டிலேனும் அந்தக் கோலி ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பின், அதை நீரில் கரைக்கவோ குப்பையில் எறியவோ முற்படாதீர்கள்; நீர் பட்டால் வாயு விரைந்து கிளம்பும். குப்பியைத் திறவாமல், குழந்தைகளின் கைக்கு எட்டாமல், ஆள் உறங்காத இடத்தில் ஈரமின்றி வைத்து, உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளரை அழைத்து ஒப்படையுங்கள்.