பிரே பள்ளி: மரச்சட்டம் என்னும் ஆவணம்

குடியேற்றக் காலப் பள்ளிக் கட்டடங்களைப் பற்றிய இம்மாநாட்டின் தொடக்கத்தில், கோபுரமோ தூண் வரிசையோ இல்லாத ஒரு சிறு மரவீட்டை உங்கள் முன் வைக்கிறேன். அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளின் கல்விக்கெனப் பயன்பட்டு, இன்றும் எஞ்சி நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையதான வில்லியம்ஸ்பர்க் பிரே பள்ளிதான் அது. 1760 முதல் 1774இல் தாம் இறக்கும்வரை அப்பள்ளியை நடத்தியவர் ஆன் வேஜர் என்ற ஆசிரியை. குழந்தைகளில் பெரும்பாலோர் அடிமைகள். பள்ளியை நிறுவிய லண்டன் அமைப்பு பாதிரியார் தாமஸ் பிரேயின் பெயர் தாங்கியது. அவர் முன்னின்று தோற்றுவித்த மற்றொரு கழகம் 1712இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த அச்சுப்பொறியை அனுப்பிய கழகம்; ஆகவே அவர் நமக்கும் அயலவர் அல்லர்.

பின்னாளில் சேர்த்த கட்டுமானங்களுக்குள் மறைந்து, 1930இல் வேறிடத்துக்கு நகர்த்தப்பட்ட இந்த வீட்டைப் பேராசிரியர் டெரி மையர்ஸ் பழைய ஏடுகளின் துணையோடு பள்ளி என அடையாளம் கண்டார். ஐயத்தைத் தீர்த்தது மரம். மழை செழித்த ஆண்டில் மரத்தின் வளையம் அகலும், வறண்ட ஆண்டில் ஒடுங்கும். அந்த வரிசையை, அதே வட்டாரத்தில் காலம் அறியப்பட்ட மரங்களின் வரிசையோடு பொருத்தினால், பட்டையை ஒட்டிய கடைசி வளையத்தின் ஆண்டு தெரிந்துவிடும். சட்டத்துக்கான மரங்கள் 1759 குளிர்காலத்திலோ 1760 வசந்தத்திலோ வெட்டப்பட்டவை என்று 2020ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அக்காலத் தச்சர்கள் பெரும்பாலும் பச்சை மரத்திலேயே வேலை செய்தார்கள் என்பதால், வெட்டிய காலத்தை ஒட்டியே வீடும் எழுந்திருக்கும். 2023இல் மறுபடியும் நகர்த்தப்பட்ட பின் இதைப் பழைய கட்டடம் எனலாமா என்று கேட்போர் உண்டு. இடம் போனது இழப்புதான்; மறுக்கவில்லை. ஆனால் கழுந்தும் துளையுமாகக் கோத்த சட்டம் எங்கே நின்றாலும் தன் காலத்தைச் சொல்லும். பழைய மனையின் மண்ணும் தன் பங்கைச் சொன்னது: அங்கே தோண்டியபோது பலப்பத் துண்டுகள் கிடைத்தன. பலப்பத்தை மட்டும் வைத்து அங்கே எழுதக் கற்பித்தார்கள் என்று முடிவுகட்டக் கூடாது. மண்ணும் மரமும் தனித்தனிச் சாட்சிகள். இரண்டையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. வேதத்தோடு சேர்த்து எசமானுக்குக் கீழ்ப்படியவும் கற்பித்த பள்ளியை ஏன் போற்ற வேண்டும்? போற்றுவது வேறு, காப்பது வேறு. நிறுவியோரின் நோக்கம் கடிதங்களில் இருக்கிறது. அதன் விளைவு வேறு திசையில் போனது. பள்ளியின் பட்டியலில் உள்ள ஐசக் பீ 1774இல் தப்பியோடினார். எசமான் கொடுத்த பத்திரிகை விளம்பரம், அவருக்கு வாசிக்கத் தெரியும் என்றும், தமக்கு விடுதலை பெறும் உரிமை உண்டென அவர் கருதுகிறார் என்றும் சொல்கிறது. கீழ்ப்படியக் கற்பித்த பள்ளியிலிருந்து வந்த ஒருவர் இவர். அந்தப் பள்ளியின் கட்டடத்தை இடித்துவிட்டால் கொடுமையின் சாட்சியோடு இந்த மீறலின் சாட்சியும் போய்விடும். எனவே இங்கு கட்டுரை படிக்கும் ஒவ்வொருவரும் முகப்பின் பாணியைப் பேசுவதற்கு முன், உள்ளே எந்தக் குழந்தைகள் உட்கார்ந்தார்கள், அதற்கு என்ன சான்று என்பதைச் சொல்லுமாறு வேண்டுகிறேன். முதல் அமர்வைத் தொடங்கலாம்.