கையெழுத்துப் போடும் முன் ஒரு வார்த்தை
(இளம் மருத்துவர்கள் சந்திப்பில் அறக்கட்டளைச் செயலாளர் பேசியது)



நம் உதவித்தொகையில் படித்து டாக்டரான பிள்ளைகளும் பெற்றோரும் வந்திருக்கிறீர்கள், அல்ஹம்துலில்லாஹ். இன்று ஒரே ஒரு விஷயம்தான்.

போன ரமலானுக்கு முன்னால் ஒருவர் தன் மகளோடு அலுவலகத்துக்கு வந்தார். மகள் டாக்டர். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் வேலை பார்த்தவர். நம் மஹல்லாவிலேயே பெண்களுக்குக் கிளினிக் வைக்க ஆசை. கடைக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. ஆனால் வேலை ஒப்பந்தத்தில், விலகிய பின் இரண்டு வருடம் பத்து கிலோமீட்டருக்குள் தொழில் செய்யக் கூடாது என்று எழுதியிருக்கிறது.

"வாசிச்சுப் பார்த்தியாம்மா?"

"இல்ல மாமா. சேர்ற அன்னைக்குக் காட்டின இடத்துல எல்லாம் போட்டுட்டேன்."

வாப்பாவின் கவலை வேறு. "கோர்ட்டை விடுங்க. வாக்கு மீறின பாவம் வருமா?" ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லும் மார்க்கம் நம்முடையது, அந்தக் கேள்வியை நான் லேசாக எடுக்கவில்லை.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவு: ஒருவர் நியாயமான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம், அந்தத் தடை அளவுக்குச் செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கிலும், ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவரைக் கட்டிப்போடும் நிபந்தனை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னது. சொந்தக் கிளினிக்கை அதன் நற்பெயரோடு விற்றவர் பக்கத்திலேயே இன்னொன்று திறக்க மாட்டேன் என்று ஒத்துக்கொண்டால், அது வேறு. நியாயமான எல்லைக்குள் அது செல்லும்.

"அந்த அளவுக்கு" என்பதைக் கவனியுங்கள். மற்ற நிபந்தனைகள் அப்படியே நிற்கும். வேலையில் இருக்கும்போதே எதிர்த்தெருவில் போர்டு மாட்ட முடியாது. நோட்டீஸ் காலம் முடிக்க வேண்டும். நோயாளிகளின் பதிவேட்டை நகலெடுத்து வரக் கூடாது. பாண்டு பணமும் தனி: மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற வங்கி நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025இல் ஏற்றிருக்கிறது. இவற்றில் வாக்கைக் காப்பாற்றுங்கள் என்றுதான் அந்த வாப்பாவிடம் சொன்னேன்.

மகள் நோட்டீஸ் காலத்தை ஒரு நாள் குறையாமல் முடித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து மிரட்டலாக ஒரு கடிதம் வந்தது. நம் வக்கீல் பதில் அனுப்பினார். அதற்குப் பிறகு சத்தமில்லை. இப்போது அஸருக்குப் பிறகு அந்தக் கிளினிக் வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது.

இருந்தாலும் அந்த இரண்டு மாதம் அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அதனால் புது வேலைக்குப் போகிறவர்கள், ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன்னால் கொண்டுவாருங்கள். ஜும்ஆவுக்குப் பிறகு வக்கீல் அலுவலகத்தில் இருப்பார். அசல் சான்றிதழ்களை மட்டும் யார் கேட்டாலும் ஒப்படைத்துவிட்டு வராதீர்கள்.