தாங்கிப் பிடிப்போம், முடக்கி வைக்க வேண்டாம்

(நமது அறக்கட்டளையின் நலவாழ்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

பக்கவாதத்தால் படுத்தவர்களை நலம் விசாரிக்க லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர், அரியலூர், ஜெயங்கொண்டம் என்று பல ஊர்களுக்கும் போய் வருகிறோம். 'பிசியோ' என்று நாம் சொல்லும் இயன்முறை மருத்துவர்களும் சில வீடுகளுக்கு உடன் வருகிறார்கள். அவர்கள் அன்றாடம் கண்டு சொல்லும் சில செய்திகள் எல்லா வீட்டுக்கும் பயன்படும்.

நம் வீடுகளில் அன்புக்குக் குறைவில்லை. அத்தா படுத்துவிட்டால் பிள்ளைகள் சோறு ஊட்டுகிறார்கள், சட்டை மாட்டிவிடுகிறார்கள், திரும்பிப் படுக்கக்கூட விடுவதில்லை. ஆனால், பாதிக்கப்பட்ட மூளை கை கால் அசைவை மறுபடியும் பழக வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தால்தான் அது படியும். முன்னேற்றம் வேகமாக இருப்பது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில்தான். எனவே, பொத்தான் போடப் பத்து நிமிடம் ஆனாலும் அவரே போடட்டும். டம்ளரை அவரே பிடிக்கட்டும். நாம் அடியில் கை கொடுப்போம். எண்ணெய் தேய்த்து நீவினால் இதமாக இருக்கும். அது மட்டும் நடக்க வைக்காது.

அடுத்தது தோள். வலுவிழந்த கையைப் பிடித்து இழுத்தோ, அக்குளில் கை கொடுத்தோ தூக்காதீர்கள். தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு விலகிவிடும். அந்த வலி வந்தால் அவர் பயிற்சிக்கே வரமாட்டார். வலுவிழந்த பக்கம் நின்று, இடுப்பைப் பிடித்து எழுப்புங்கள். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். படுக்கைப்புண்ணைத் தடுக்க அதுவே முதல் வழி.

'எதைத் திரும்பச் செய்ய ஆசைப்படுகிறீர்கள்?' என்று பிசியோக்கள் நோயாளியைக் கேட்பார்கள். பள்ளிவாசலுக்கு நடந்து போக வேண்டும் என்பார் ஒருவர். அடுப்படியில் நின்று சமைக்க வேண்டும் என்பார் ஓர் அம்மா. அந்த ஆசையை ஒட்டியே பயிற்சி அமைகிறது. நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழ மார்க்கத்தில் சலுகை உண்டு. அந்தச் சலுகையைக் காட்டி, எழுந்து நிற்கக்கூடியவரையும் படுக்கையிலேயே விட்டுவிடுவது நியாயமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகன் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்புகிறார். தூக்கி எடுப்பது மனைவியோ மருமகளோதான். சில மாதங்களில் அவர்களுக்கு முதுகுவலி வந்து, ஒரே வீட்டில் இரண்டு நோயாளிகள் ஆகிவிடுகிறார்கள். ஊரில் இருக்கும் ஆண்கள் முறை வைத்துத் தோள் கொடுக்க வேண்டும்.

செலவுக்கு அஞ்சிப் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சையும் தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

வாய் கோணினாலோ, ஒரு கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

படுத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.