பன்னிரண்டை ஐந்தாக்குவது எப்படி?



அறிவியல் விழாவுக்குப் பிள்ளைகள் செய்கிற கருவிகள் பல 5 வோல்ட்டில் ஓடுபவை. வீட்டில் கிடைப்பதோ மோட்டார் சைக்கிள் பேட்டரி. அது 12 வோல்ட். இரண்டு ரெசிஸ்டரை வரிசையாகக் கட்டி, நடுவிலிருந்து கம்பி இழுத்தால் போதுமே என்று தோன்றும். 1,400 ஓம், 1,000 ஓம் என்று போட்டு மீட்டர் வைத்தால் சரியாக 5 காட்டும். உடனே சந்தோஷப்படாதீங்க! கீழே உள்ள 1,000 ஓமுக்குக் குறுக்கே இன்னொரு 1,000 ஓம் கருவியை மாட்டியதும் 3.16க்கு இறங்கிவிடும். தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டார் குழாயைத் திறந்தால் நம் குழாயில் தண்ணீர் நூலாக ஒழுகுமே, அந்தக் கதைதான். எஞ்சின் ஓடிப் பேட்டரி 14.4க்கு ஏறினாலோ, சும்மா இருக்கும் கம்பியில் 6 வோல்ட் நிற்கும்.

இதற்கென்றே மூன்று கால் உள்ள 7805 ரெகுலேட்டர் இருக்கிறது. கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். தன் வெளியீட்டைத் தானே கவனித்து, கருவி அதிகம் இழுத்தால் அதிகம் விடும், குறைந்தால் அடக்கும். மீதி 7 வோல்ட்டைச் சூடாகத்தான் கழிக்கும். அரை ஆம்பியருக்கு 3.5 வாட்! அலுமினியத் தகடு இல்லாமல் தொட்டால் விரல் வெந்துவிடும்.

ரெசிஸ்டர் ஜோடி வீண் என்று நினைக்க வேண்டாம். பழைய வானொலியின் ஒலிக்குமிழ் அந்த ஜாதிதான். கரண்டு அதிகம் இழுக்காத இடத்தில், அளந்து பார்க்கும் வேலைக்கு அது போதும்.

பெற்றோர்களே, ஒன்று மட்டும் கட்டாயம். சுவர்ச் செருகியின் 230 வோல்ட்டை ரெசிஸ்டர் வைத்து இறக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். மீட்டர் 5 என்று காட்டும்; தொட்டால் சுவரின் மின்சாரமே கையில் அடிக்கும்.