கவிழ்த்துப் போட்ட கூடை

(ஓசூரில் மாணவர்களும் தொழிலாளர்களும் கூடிய வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம ஊர்ல பசிக்கு மூணு சொல் இருக்கு. தமிழ்ல பசி, கன்னடத்துல ஹசிவு, தெலுங்குல ஆகலி. சிப்காட் பக்கம் ஒரு டீக்கடையில நின்னா மூணையும் ஒரே பெஞ்சுல கேட்கலாம். ஆனால் நம்மைப் பற்றி எழுதும் விமர்சகர்களிடம் நாலாவதாக ஒரு சொல் இருக்கிறது: குறியீடு. தலித் தன்வரலாறுகளில் வரும் பசி, ஏக்கத்தின் குறியீடு என்கிறார்கள். வயிறு நிறைந்தவர்களுக்கு வசதியான வாசிப்பு இது. சோற்றை மறந்துவிட்டு ஏக்கத்தை ரசிக்கலாம். இதை ஒத்துக்கொள்ள முடியாது என்று சொல்லத்தான் வந்தேன்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. நாயக்கர் வீட்டு வேலையை முடித்த பாட்டி மிச்சச் சோற்றை வாங்கி வருகிறார். பாத்திரத்தோடு பாத்திரம் படாமல் மேலேயிருந்து கொட்டுகிறார்கள். வீட்டுக்கு அந்தச் சோறு வேண்டியிருக்கிறது. இன்னொரு நாள், தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. அண்ணன் காரணத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுபோகிறது. பின்னால் அவர் கன்னியர் மடத்தில் சேர்கிறார். அங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனாலும் இருக்க முடியாமல் வெளியேறுகிறார். பசியும் ஏக்கமும் ஒன்றுதான் என்றால், வயிறு நிறைந்ததும் ஏக்கமும் அடங்கியிருக்க வேண்டுமே? அடங்கலையே!

அடுத்து, ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்'. இந்தியில் 1997இல் வந்தது. ஜூட்டன் என்றால் எச்சில். உத்தரப்பிரதேச கிராமம் ஒன்றில் ஆதிக்கச் சாதி வீட்டுக் கல்யாணம். அதற்காக உழைத்த அம்மா, விருந்து முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சாப்பாடு கேட்கிறார். வீட்டுக்காரன் எச்சில் இலைக் கூடையைக் காட்டுகிறான். அம்மா கூடையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு நடக்கிறார். அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவே இல்லை.

இங்கே பசி எதற்கும் உவமை இல்லை, தோழர்களே. பசியும் ஏக்கமும் எதிரெதிரா நிக்குது. பசி 'எடுத்துக்கோ'ங்குது. மரியாதைக்கான ஏக்கம் 'தொடாதே'ங்குது. ஏக்கம் ஜெயிக்கிற நாளில்தான் நம் பிள்ளைகள் பெரியவர்கள் ஆகிறார்கள். மற்றவர்களின் தன்வரலாற்றில் முதல் காதல் செய்கிற வேலையை, நம் புத்தகங்களில் ஒரு கவிழ்த்த கூடை செய்கிறது.

என் கதையையும் சொல்லிடுறேன். 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தது. அதை மறுக்க மாட்டேன். வீட்டில் இருந்தால் ராகிக் களி, இல்லாவிட்டால் தண்ணீர். பள்ளிக்கூடத்தில் முட்டை போடும் நாளுக்காகக் காத்திருப்பேன். மற்ற பிள்ளைகளின் தட்டில் முட்டையை வைத்த கை, எங்கள் தட்டில் மட்டும் உயரத்திலிருந்து போட்டது. அஞ்சாவது படிக்கும்போது ஒருநாள் தட்டை இழுத்துக்கிட்டேன். முட்டை தரையில உருண்டு போச்சு. அம்மா மெச்சிக்குவான்னு நெனச்சேன். முதுகுல ரெண்டு வெச்சா. "முட்டையைப் போய் விட்டுட்டு வந்தியேடா"ன்னு அழுதா. நான் செஞ்சதும் நியாயம், அவ அழுததும் நியாயம்.

இன்றைக்கு வங்கியில் குமாஸ்தா. மதியம் டிபன் கேரியரைத் திறக்கிறேன். அந்த முட்டை இன்னும் ஞாபகத்துக்கு வருது. கவிதையாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் முட்டை நிலாவா மாறிடுது. கிழிச்சுப் போட்டேன்.

கேஷில் உட்கார்ந்திருக்கும்போது ஒப்பந்தத் தொழிலாளித் தம்பிகள் வருகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, "மீதி எவ்ளோ இருக்குண்ணா?" என்று கேட்கிறார்கள். அந்த மீதியில் மாசத்தை ஓட்ட வேண்டும். அவர்களில் ஒருவர் நாளைக்குத் தன்வரலாறு எழுதலாம். அவருக்கும் உங்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான். என்ன சாப்பிட்டீங்க, யார் போட்டாங்க, எவ்வளவு உயரத்திலிருந்து போட்டாங்க, எதை வேண்டாம்னு விட்டுட்டு வந்தீங்க, அதற்கு வீட்டில் என்ன விலை கொடுத்தீங்க என்பதை எழுதுங்கள். சோறு சோறாகவே இருக்கட்டும். குறியீட்டை விமர்சகர்கள் பார்த்துக்கொள்வார்கள்.