மாத்திரையும் கல்லீரலும்

 

நான் டாக்டர் அல்ல. பள்ளிப் படிப்பு முடித்த எழுத்தறிவுத் தொண்டர். நீங்கள் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறீர்கள். மாத்திரை அட்டையில் உள்ள பெயரையும் படிக்கலாம். அதனால் இன்று மாத்திரையைப் பற்றிப் பேசுவோம்.

காசநோயை எடுத்துக்கொள்வோம். டி.பி. என்கிறோமே, அதுதான். அரசு ஆஸ்பத்திரியில் இதற்கு மருந்து இலவசம். பெரும்பாலோர் 6 மாதம் சாப்பிட வேண்டும். இடையில் நிறுத்தக் கூடாது. ஏன்? அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி சாகாது. மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறிவிடும். வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் தொற்றும்.

முதல் 2 மாதம் 4 மருந்துகள் தருவார்கள். ஐசோநயசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால். இவற்றில் முதல் மூன்றும் சிலருக்குக் கல்லீரலைக் கெடுக்கலாம். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை.

கல்லீரல் எங்கே இருக்கிறது? வயிற்றின் மேல்பக்கம், வலது விலா எலும்புகளுக்கு உள்ளே இருக்கிறது. நாம் விழுங்கும் மருந்தை உடைத்து மாற்றுவது அதன் வேலை. அப்படி உடைக்கும்போது சில சமயம் நச்சுப் பொருள் உண்டாகும். அது கல்லீரலையே காயப்படுத்தும். சாராயம் குடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

காயம்பட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? கல்லீரலின் செல்களுக்குள் எஸ்.ஜி.பி.டி. என்ற பொருள் இருக்கிறது. செல் கெட்டால் அது ரத்தத்தில் கசியும். ஓட்டைப் பானையில் தண்ணீர் கசிவது போலத்தான். ரத்தத்தைச் சோதித்தால் அதன் அளவு தெரியும். கண் மஞ்சள் ஆகும் முன்பே தெரிந்துவிடும்.

நமக்குத் தெரியும் அடையாளங்களும் உண்டு. பசி இருக்காது. குமட்டும், வாந்தி வரும். வலது பக்க வயிறு வலிக்கும். கண் மஞ்சளாகும். சிறுநீர் மட்டும் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம். அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம்.

கண் மஞ்சளானால் என்ன செய்கிறார்கள்? ஒருவர் மாத்திரையை வீசிவிட்டுக் கீழாநெல்லியை அரைத்துக் குடிக்கிறார். இன்னொருவர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருக்கிறார். இரண்டும் தவறு. முதல் ஆளுக்குக் காசநோய் முற்றும். இரண்டாவது ஆளுக்குக் கல்லீரல் செயலிழந்து உயிரே போகலாம்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடுத்த மாத்திரையை விழுங்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். அவர் மருந்தை நிறுத்தி வைப்பார். கல்லீரல் தேறியதும் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார். அல்லது வேறு மருந்து தருவார்.

"கீழாநெல்லி இயற்கை மருந்துதானே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. கல்லீரலைத் தாக்கும் பி வகைக் காமாலைக் கிருமி உள்ளவர்களுக்குச் சென்னை ஆய்வாளர்கள் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தார்கள். பலன் உண்டு என்று 1988-ல் எழுதினார்கள். பிறகு வேறு இடங்களில் சோதித்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. எலிகளின் கல்லீரலைச் சில மூலிகைகள் காத்தன. ஆனால் எலிக்குக் கிடைத்த பலன் மனிதருக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

இயற்கைப் பொருள் எதுவும் உதவாதா? உதவும். ஐசோநயசிட் சாப்பிடும் சிலருக்குக் கை கால் மரத்துப் போகும், எரியும். அதைத் தடுக்க வைட்டமின் பி6 தருகிறார்கள். வாழைப்பழத்திலும் மீனிலும் இருக்கும் சத்துதான் அது. ஆனால் மனிதர்களிடம் சோதித்து, அளவு கண்டு, மாத்திரையாகத் தருகிறார்கள். இயற்கையா, செயற்கையா என்பது முக்கியம் அல்ல. சோதித்ததா, அளவு தெரியுமா என்பதே முக்கியம்.

இன்றே ஒரு நோட்டு எடுங்கள். மருந்தின் பெயரை எழுதுங்கள். சாப்பிட்ட தேதியை எழுதுங்கள். உடம்பில் ஏதாவது மாற்றம் கண்டால் அதையும் எழுதுங்கள். மூலிகை சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். டாக்டரிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள்.

நாம் கற்ற எழுத்து நம் உயிரைக் காக்கட்டும்.