டீக் கெண்டியில் தசாவதாரம்



இலக்கியம் ஏட்டில் மட்டுமா வாழ்ந்தது? வெள்ளியிலும் வாழ்ந்தது. விக்டோரியா மகாராணி காலத்தில் பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தை ஒரு கேடயத்தில் வடித்து, 1867 பாரிஸ் கண்காட்சியில் வைத்தது. வடித்தவர் மொரேல் லதேய் என்ற பிரெஞ்சுக்காரர். அந்தக் கேடயம் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், அவர் பெயரோடு இருக்கிறது.

அதே காலத்தில் நம் சென்னையிலும் ஒரு காவியம் வெள்ளியில் ஏறியது. மவுண்ட் ரோடு பி.ஆர் அண்ட் சன்ஸ் என்றால் நமக்குக் கடிகாரக் கடை. அன்று அது வெள்ளிச் சாமான்களுக்கும் பேர்போன கடை. அந்நாளில் ஊருக்கு ஒரு பாணி: கட்ச் வெள்ளியில் பூங்கொடி, லக்னோவில் வேட்டைக் காட்சி, கல்கத்தா பவானிப்பூரில் கிராம வாழ்க்கை, சென்னையில் சாமிகள்! 'சுவாமி வெள்ளி' என்றே அதற்குப் பெயர். வெள்ளைக்காரர் மேசைக்கான டீக் கெண்டி, பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம். அவற்றைச் சுற்றிக் கோயில் மாடம் போல வரிசை. ஒவ்வொரு மாடத்திலும் ஒரு தெய்வம். தசாவதாரம் உண்டு, ராமாயணக் காட்சி உண்டு. கைப்பிடியோ படமெடுத்த நாகம்! 1875-76இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்து போனபின் சுவாமி வெள்ளிக்கு மவுசு கூடியது.

நகாசு வேலை எவ்வளவு கடினம், யோசியுங்கள். அரக்கில் பதித்த தகட்டை உளியால் தட்டித் தட்டி உருவத்தை எழுப்ப வேண்டும். அடி கொஞ்சம் பலமாக விழுந்தால் தகடு கிழிந்துவிடும். கடுகளவு முகத்தில் கண்ணும் மூக்கும் கொண்டுவந்தார்கள் நம் பத்தர்கள். புராணத்தைக் கேட்டும் கோயில் சிற்பத்தைப் பார்த்தும் வளர்ந்த கைகள் அவை. ஆனால் பாத்திரத்தின் அடியில் கடையின் முத்திரைதான் இருக்கிறது. பத்தரின் பெயர் பெரும்பாலும் இல்லை. லதேய்க்குக் கிடைத்த மரியாதை அவர்களுக்குக் கிடைக்காமல் போனது அநியாயம் என்றே சொல்வேன்.

போனது போகட்டும். இருப்பதையாவது காப்போம். பழைய வெள்ளியைப் போட்டுப் புதியது வாங்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பாட்டி வைத்த பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம் எல்லாம் உருக்குவதற்குப் போகின்றன. கிறித்துவக் கல்லூரியில் வரலாறு படிக்கும் பிள்ளைகள் வந்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலிருந்தே தொடங்குங்கள். பாத்திரத்தைப் படமெடுங்கள், அடியில் உள்ள முத்திரையைக் குறியுங்கள். எந்த ஊர்ப் பத்தர் செய்தார் என்று பெரியவர்களைக் கேட்டு, பெயரோடு எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.